மூன்றரை மணித் திருடன்

ஸ்கந்தபுரத்தில் ஐயாத்துரை வீட்டு ரவுட்டர் கூரை வளையிலிருந்து ஒரு ஷொப்பிங் பைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர்கீழே கதிரை போட்டு உட்கார்ந்து, ஏணையில் கிடக்கும் பிள்ளையைக் காவல் காக்கிறவர் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார் ஐயாத்துரை.

மெல்ரொன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாயைத் திறந்துவிட்டான்.

“ஐயா, உது என்ன, நேத்திக்கடனோ?”

“கீழ வச்சால் இழுக்குதில்லைத் தம்பி. அலுமாரிக்கு மேல வச்சுப் பாத்தன், சாமியறையில வச்சுப் பாத்தன். உயரத்தில கட்டினால் இழுக்குமெண்டு சொன்னாங்கள்.”

“சாமியறையில இருந்தும் திருந்தேல்லையெண்டால் உது கடைஞ்செடுத்த சாமான்தான்.”

பிரேமினி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நான்கு வருடமாக அவளிடம் வேலை செய்கிறவனுக்கு அந்தப் பார்வை நல்ல பழக்கம். வாயை மூடுவதற்கு அது போதும். மூடிய வாயை மூடியபடி வைத்திருக்கத்தான் போதாது.

கிளிநொச்சி டிப்போ சந்திக்குப் பக்கத்தில் பிரேமினிக்கு ஒரு கடை. பலகையில் ‘கமரா, கணினி, இணையம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் சனம் கொண்டுவருவது வேறு. தானாக ஆட்களுக்கு அழைப்பு எடுக்கும் போன், மருமகளின் பெயரில் யாரோ திறந்த முகநூல், காணாமல்போன பாஸ்வேர்ட். யார் செய்தது, ஏன் செய்தது என்று கண்டுபிடிக்காமல் கதிரையை விட்டு எழும்பமாட்டாள் என்று அவளுக்கு ஊரில் பெயர். மெல்ரொன் அவளுடைய உதவியாள். முல்லைத்தீவுக் கரையில் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகும் குடும்பத்தில், வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுக்கிற ஒரே ஆம்பிளை. ஏணியில் ஏறினால் ஒன்றும் செய்வதில்லை என்று கண்டுபிடித்த நாளே கமரா பூட்டுகிற தொழிலுக்கு வந்துவிட்டான்.

“அக்கா, இப்ப ரெண்டு மணியாகப் போகுது,” என்று உள்ளேயிருந்து ஓடிவந்தாள் கஜனி, ஐயாத்துரையின் ஒரே மகள். “மூண்டரைக்கு வகுப்பு.”

“முதல்ல இருந்து சொல்லும்,” என்றாள் பிரேமினி.

கஜனி கணிதப் பட்டதாரி. பட்டம் எடுத்து நான்கு வருடம். அரசாங்க வேலை இன்று வரும் நாளை வரும் என்று இருந்து, கலியாண வீடுகளில் ‘பிள்ளை இப்ப என்ன செய்யிறா?’ என்று கேட்பவர்களுக்குப் பயந்து கலியாண வீட்டுக்கே போகாமல் விட்டவள். போன மாதம்தான் லண்டனில் நேசமலர் என்று ஒரு மிஸ் நடத்துகிற இணைய ரியூசன் வகுப்பில் ஓரிடம் வந்தது. அங்கே பள்ளிக்கூட விடுமுறை. மூன்று பரீட்சார்த்த வகுப்பு எடுக்க வேண்டும், மிஸ் பக்கத்தில் இருந்து பார்ப்பா. இரண்டு வகுப்பு நடுவில் அறுந்துவிட்டது. இன்று மூன்றாவது.

“இண்டைக்கும் அறுந்தால் வேற ஆளைப் பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டா,” என்றாள் கஜனி. “போனில எடுப்பமெண்டால் கிணத்தடியிலதான் சிக்னல், அதுவும் ஒரு கோடு. எனக்கு உந்த ரவுட்டரை விட்டால் வழியில்லை அக்கா.”

மெல்ரொனுக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவன் பகிடியைக் கொஞ்ச நேரம் சட்டைப்பைக்குள் வைத்தான்.

பிரேமினி பையைக் கீழே இறக்கி, ரவுட்டரை மேசையில் வைத்து, லப்ரொப்பை வயரால் கொழுவி வேகத்தை அளந்தாள். பிறகு வயர் இல்லாமல் அளந்தாள். விறாந்தையில் அளந்தாள், குசினியில் அளந்தாள். எல்லா இடத்திலும் இணையம் பறந்தது.

“டொக்டரைக் கண்டோன்ன நோயாளி எழும்பி இருந்திட்டார்,” என்றான் மெல்ரொன். பகிடி சட்டைப்பையில் மூன்று நிமிடம் இருந்திருக்கும்.

“எந்த நேரங்களில விழுறது?” என்று கேட்டாள் பிரேமினி.

கணிதக்காரி ஒரு கொப்பியில் எழுதியே வைத்திருந்தாள். காலை ஐந்தரை முதல் ஏழரை வரை மோசம். பின்னேரம் மூன்றரைக்கு ஆக மோசம். இரவு ஒன்பதரைக்குக் கொஞ்சம். இடைப்பட்ட நேரமெல்லாம் நல்லம். போன செவ்வாய்க்கிழமை மட்டும் முழுநாளும் ஆமை. தொடங்கியது ஆடி அமாவாசைக்குப் பிறகு.

“ஆராள் எண்டு எனக்குத் தெரியும்,” என்றார் ஐயாத்துரை. “பக்கத்து வளவுக் கிருசாந்தன். புதுப் போன் வாங்கினவன். எங்கட வைஃபையை அங்கால இருந்து உறிஞ்சுறான். அதுதான் வேலியை ரெண்டு அடி உயர்த்தி அடைச்சனான்.”

“கிடுகாலயோ ஐயா?”

“பின்ன?”

“வைஃபை வேலி பாய ஆடு இல்லை ஐயா.”

பிரேமினி ரவுட்டருக்குள் புகுந்து பார்த்தாள். அதில் பிணைந்திருந்தவை நாலே நாலு. கஜனியின் லப்ரொப், தாயின் போன், தகப்பனின் போன், மாட்டுக்கொட்டிலில் இருக்கும் கமரா.

“கிருசாந்தன் இதுக்குள்ள இல்லை,” என்றாள்.

“கமராவும் இல்லை,” என்றான் மெல்ரொன் அவசரமாக. “அது நான் பூட்டினது. மாட்டுக் கள்ளருக்குப் பயந்து சுவிசில இருக்கிற ஐயாவின்ர தம்பி போடச் சொன்னது. ஒரு கமரா எவ்வளவு குடிக்கப்போகுது? ஒரு துளி.”

“வா, கள்ளனைப் பாத்திட்டு வருவம்,” என்று வெளியே இறங்கினாள் பிரேமினி.

கிருசாந்தன் தன் வளவில் உழவு இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். உயர்ந்து நின்ற வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்ததும் குழாயை மூடினான்.

“என்னட்ட ஒரு சொல்லும் கேக்காமல் கள்ளனாக்கிப் போட்டாரக்கா. பாருங்கோ, என்ர போனில என்ர டேற்றா. அவற்ற வைஃபை எனக்கென்னத்துக்கு?” போனை வேலிக்கு மேலால் நீட்டினான். சொன்னது உண்மைதான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “அண்ணை, ஒண்டு சொல்லுவன். சிரிக்கக்கூடாது.”

“நான் சிரிக்கிற ஆளில்லை,” என்றான் மெல்ரொன் சிரித்துக்கொண்டே.

“பின்னேரத்தில அவையின்ர மாட்டுக்கொட்டிலுக்குள்ள ஆள் கதைக்கிது. ஆம்பிளைக் குரல். எட்டிப் பாத்தால் ஆள் இல்லை. மாடு மட்டும்தான் நிக்கிது.”

“மாடு என்ன சொன்னது?”

“மாடு இல்லையண்ணை! ‘சிவப்பி, கொஞ்சம் திரும்பம்மா, முகத்தைக் காட்டு’ எண்டு ஆரோ கெஞ்சினது. நான் திருநீறு பூசிப்போட்டுத்தான் படுத்தனான்.”

“எத்தனை மணிக்கு?” பிரேமினியின் குரல் மாறிவிட்டது.

“மூண்டரை மட்டில. நான் பிளேன்ரீ குடிக்கிற நேரம்.”

“அவையிட்டச் சொல்லேல்லையோ?”

“சொல்லப் போனால் வேலியை இன்னும் ரெண்டு அடி உயர்த்துவார்.”

பிரேமினி நேரே போய்க் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் யோசிக்கிறாள், யோசித்தால் மெல்ரொனைக் கேள்வி கேட்பாள்.

“உன்ர அண்ணன் மெல்பேர்னிலதானே? இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு முடிப்பான்?”

“ஏழரை, எட்டு. முடிச்ச கையோட எனக்கு எடுத்து அலட்டத் தொடங்குவான்.”

“அப்ப இங்க?”

“மூண்டு, மூண்டரை.”

“சுவிசில மத்தியானச் சாப்பாடு?”

“பன்ரண்டு மணி. எங்களுக்கு…” மெல்ரொன் விரலை மடித்தான். “மூண்டரை.”

“கனடாவில விடியக்காலமை வேலைக்குப் போற சனம் பஸ்ஸில இருந்து போனை நோண்டுற நேரம்?”

“ஆறு மணி. அதுவும்…” விரல் நின்றது. “அதுவும் மூண்டரைதான் அக்கா!”

“கனடாச் சனம் இரவுச் சாப்பாடு முடிச்சு நித்திரைக்குப் போக முந்தின ரெண்டு மணித்தியாலம் எங்கட காலமை அஞ்சரையில இருந்து ஏழரை. சுவிஸ்காரர் வேலை விட்டு வாறது எங்கட இரவு ஒன்பதரை. கஜனி எழுதி வச்சிருக்கிறது ஸ்கந்தபுரத்து நேரமில்லை மெல்ரொன். அது வெளிநாட்டுச் சனத்தின்ர ஓய்வு நேரம். மூண்டரைக்கு மூண்டு நாடும் சேந்து சும்மா இருக்கினம். சும்மா இருந்து என்னத்தையோ பாக்கினம்.”

மெல்ரொன் மாட்டுக்கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

மூன்று பத்துக்குக் கொட்டிலுக்குள் நுழைந்தார்கள். சிவப்பி வயிறு முட்ட நின்றது. கன்று ஈனுகிற நாள் நெருங்கி, கண்ணில் ஒரு சலிப்பு. தகரக் கூரையின் மூலையில் மெல்ரொன் பூட்டிய கமரா. வயரை எவ்வளவு ஒழுங்காக இழுத்திருக்கிறேன் என்று அந்த நிலையிலும் அவன் ஒருதரம் ரசித்தான். கமராவின் சின்ன நீலவெளிச்சம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அருகே போய், மாட்டின் முதுகில் ஒரு கையை ஊன்றி, அண்ணாந்து பார்த்தான்.

“டேய்! ஆரடா அது? மாட்டில இருந்து கையை எடடா!”

மெல்ரொன் துள்ளிய துள்ளலில் ஒரு கால் சாணிக்குள் போனது. குரல் கமராவிலிருந்து வந்தது.

“அத்தான், ஆளின்ர முகத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்திட்டன்,” என்றது அதே கமராவிலிருந்து ஒரு பெண்குரல். “பார்த்தாலே கள்ள முழி.”

“உவன் கமரா பூட்டின பெடியனெல்லோ?” என்றது மூன்றாவது குரல்.

“பூட்டினவனுக்குத்தானே வழி தெரியும்!” என்றது முதற்குரல்.

பிரேமினி கமராவின் முன்னால் போய் நின்றாள். “வணக்கம். எந்தெந்த நாட்டில இருந்து கதைக்கிறியள்?”

பதில் ஒவ்வொன்றாக வந்தது. “சூரிச்.” “மெல்பேர்ன்.” “ஸ்காபரோ, பஸ்ஸுக்குள்ள.” கடைசியாக, வெட்கப்பட்ட குரலில், “நோர்வே. நாங்கள் சும்மாதான் பாக்கிறம் பிள்ளை.”

சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து அகப்பையோடு வந்தா விமலேஸ்வரி, கஜனியின் தாய்.

“அம்மா, இந்தக் கமராவின்ர பாஸ்வேர்ட் ஆரிட்ட இருக்கு?” என்று கேட்டாள் பிரேமினி.

“கொழுந்தனிட்ட. சுவிசில இருக்கிறவரிட்ட.”

“அவரிட்ட மட்டுமோ?”

விமலேஸ்வரி அகப்பையைப் பார்த்தா. “அவருக்குக் குடுத்திட்டுக் கனடாக்காரருக்குக் குடுக்காமல் விடேலுமோ பிள்ளை? கனடாக்காரருக்குக் குடுத்தால் மெல்பேர்ன் மச்சாள் கேப்பா. ஒராளை விட்டால் செத்தவீட்டுக்கும் வராயினம். அதுதான் குடும்பக் குறூப்பில போட்டன். நாப்பத்திமூண்டு பேர்.”

“அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?”

“சிவப்பி தீன் எடுக்கேல்லை. எல்லாருக்கும் ஒரே கவலை. நாள் முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்தவை.”

“கொட்டிலுக்குள்ள கதைக்கிறது உங்களுக்குக் கேக்கிறேல்லையோ?”

“கேக்கும். பக்கத்து வளவுப் பெடியன் போன் கதைக்கிறான் எண்டு நினைச்சன்.”

பிரேமினி திரும்பினாள். “மெல்ரொன், நீ இதை எப்ப பூட்டினனீ?”

“ஆடி அமாவாசை முடிஞ்சு ரெண்டாம் நாள்.” மெல்ரொன் சாணிக் காலைப் பார்த்தபடி மீதியையும் கக்கினான். “படம் தெளிவா இருக்கோணுமெண்டு ஆகக் கூடின தரத்தில வச்சதும் நான்தான். பாஸ்வேர்டைக் கலண்டர்த் தாளில எழுதிக் குடுத்ததும் நான்தான். ‘ஆரும் கேட்டால் குடுங்கோ அம்மா’ எண்டு சொன்னதும்…”

“நீதான்.”

“நான்தான்.”

துப்பறிவாளரும் உதவியாளும் சேர்ந்து தேடிய திருடன் இவ்வளவு நேரமும் உதவியாளின் சட்டைக்குள் நின்றிருக்கிறான். மெல்ரொனுக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

“வாற பாதை சும்மா கிடக்கு,” என்று பிரேமினி தாய்க்கு விளக்கினாள். “போற பாதையிலதான் நெரிசல். ஒவ்வொராளும் திறக்கேக்க ஒவ்வொரு படம் தனியத் தனியப் போகும். நாலு பேரின்ர உலையில நாப்பத்திமூண்டு பேருக்குச் சோறு. கஜனியின்ர முகம் லண்டனுக்குப் போறதும் அதே பாதையாலதான் அம்மா. நீங்கள் சிவப்பியை அனுப்ப, பிள்ளை வழியில நிக்கிறாள்.”

விமலேஸ்வரியின் முகம் வாடிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சிவப்பி முக்கிக்கொண்டு படுத்தது.

“பனிக்குடம் வருது! குடம் வருது!” சூரிச் கத்தியது. “எல்லாரையும் கூப்பிடுங்கோ!”

நீலவெளிச்சம் இப்போது அணையாமல் எரிந்தது. கமராவில் குரலுக்கு மேல் குரல் விழுந்தது. வீட்டுக்குள்ளிருந்து கஜனி அலறினாள். “அக்கா! எல்லாம் நிண்டுபோச்சு! இன்னும் எட்டு நிமிசம்தான்!”

மெல்ரொன் பிளக்குக்குக் கையை நீட்டினான்.

“அண்ணி!” சூரிச் குரல் இறுகியது. “உவனைத் தொடவேண்டாமெண்டு சொல்லுங்கோ. அந்த நெற் ஆர் எடுத்துத் தந்தது எண்டு ஞாபகம் இருக்கட்டும். நான் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டிட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

மெல்ரொனின் கை அந்தரத்தில் நின்றது. வீட்டுக்காரர் சொல்லாமல் பிடுங்க முடியாது. விமலேஸ்வரி கமராவைப் பார்த்தா. வாழ்க்கையில் ஒரு சொந்தக்காரருக்கும் இல்லை என்று சொல்லாத மனிசி. கலியாண அழைப்பிதழில் பெயர் விடுபட்டதற்காக நான்கு வருடம் கதைக்காமல் இருந்த மைத்துனரை வீடு தேடிப்போய்ச் சமாதானம் பண்ணியவ. உள்ளே அவவின் மகள், அழுகையை அடக்கிக்கொண்டு, உறைந்துபோன திரையின் முன்னால் தலைமயிரைச் சரி செய்துகொண்டிருந்தாள். அது கொட்டில் வாசலில் நின்று பார்க்கத் தெரிந்தது.

“தம்பி,” என்றா விமலேஸ்வரி. “நெற்றும் நீங்கள் தந்ததுதான், கமராவும் நீங்கள் தந்ததுதான். மறக்கேல்லை. இப்ப போய்ச் சாப்பிடுங்கோ. சோறு ஆறப்போகுது.”

பிளக்கை அவவே பிடுங்கினா.

கொட்டில் அமைதியானது. மாடு மட்டும் மூச்சு விட்டது. அடுத்த நிமிடமே தாயின் போனும் தகப்பனின் போனும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு அடிக்கத் தொடங்கின. கள்ளன் மாட்டை அவிழ்க்கிறான், கமராவை உடைத்துவிட்டான், பொலிசுக்குச் சொல்லவா என்று மூன்று கண்டத்திலிருந்தும் வீடியோ அழைப்பு. பிரேமினி இரண்டு போனையும் வாங்கி, வாயை அடைத்துத் தன் தோள்பைக்குள் போட்டாள்.

“மெல்ரொன், உள்ள போய்ப் பார்.”

அவன் ஓடிப் போய்க் கதவடியில் நின்றான். மூன்றரைக்கு ஒரு நிமிடம். திரையில் லண்டன் தெரிந்தது, கண்ணாடி போட்ட ஒரு மிஸ், பக்கத்துச் சதுரத்தில் கொட்டாவி விடும் ஒரு பெடியன். கஜனி தொண்டையைச் செருமினாள். “வணக்கம். இண்டைக்குப் பின்னங்கள் பாப்பம்.”

படம் ஆடவில்லை, குரல் அறவில்லை. மெல்ரொன் மூச்சை அப்போதுதான் விட்டான்.

வெளியே அவனுக்கு வேறு வகுப்பு காத்திருந்தது. கன்றின் முன்கால் வந்து தலை வராமல் நின்றது. ஐயாத்துரை தனியாக இழுத்துப் பார்த்தார், கன்று அசையவில்லை. “ஐயா, நான் வரட்டோ?” என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டான் கிருசாந்தன். பதிலுக்குக் காத்திராமல், உயர்த்திக் கட்டிய கிடுகை இரண்டு கையாலும் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தான். ஐயாத்துரை வேலியைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், “கெதியா வா தம்பி” என்றார். கிருசாந்தனும் மெல்ரொனும் பிடித்து இழுக்க, நாலு மணிக்குக் கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. பசுக்கன்று. சிவப்பி எழும்பி நின்று ஊருக்கே கேட்கக் கத்தியது.

நாலரைக்கு எல்லோரும் வீட்டு வாசலில் கூடினார்கள். வகுப்பு முடிந்து, பெடியன் போய்விட்டான். கஜனி ஹெட்போன் வயரைக் கழற்றிவிட்டாள், நல்லதோ கெட்டதோ இவர்களும் கேட்கட்டும் என்று.

“இண்டைக்கு ஒருக்காலும் அறேல்லை கஜனி,” என்றா நேசமலர். “பெடியனுக்கும் நல்லா விளங்கியிருக்கு. திங்கக்கிழமையில இருந்து நாலு பிள்ளையளை உம்மட்டத் தாறன்.”

விமலேஸ்வரி சீலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. ஐயாத்துரை திரும்பி வேலியைப் பார்ப்பதுபோல் கண்ணைத் துடைத்தார். மெல்ரொனும் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினான். கை முழுக்கச் சாணி, துடைக்க வழியில்லை.

“நன்றி மிஸ்,” என்றாள் கஜனி.

“பொறும், ஒரு கேள்வி.” லண்டன் குரல் கொஞ்சம் இறங்கியது. “வகுப்பு நடக்கேக்க உமக்குப் பின்னால ஒரு மாடு கத்தினது. எனக்கு அந்தக் குரல் தெரியும். நான் ஒரு மாடு பாக்கிறனான், மற்றப் போனில. என்ர சிநேகிதியின்ர மச்சாள் சுவிசில இருந்து பாஸ்வேர்ட் தந்தவா. உம்மட முதல் ரெண்டு வகுப்பு நேரமும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். இண்டைக்குக் குடம் வாற நேரம் பாத்து நிண்டுபோச்சு. கஜனி… அது உம்மட மாடோ?”

“நாப்பத்திநாலு,” என்று மெல்ரொன் பிரேமினியின் காதுக்குள் முணுமுணுத்தான்.

கஜனி திரையை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வகுப்பு அறுந்ததற்கு அவள் அழுத அழுகை, கேட்ட மன்னிப்பு, எழுதிய விளக்கம் எல்லாம் அந்த முகத்தில் ஒருதரம் வந்துபோயின. பிறகு நாலு வருடத்தில் முதல்முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“ஓம் மிஸ். பசுக்கண்டு. தாயும் பிள்ளையும் சுகம்.”

“கடவுளே! அந்தக் கமராவைக் கொஞ்சம் போட்டுவிடுமன், கண்டைப் பாப்பம்.”

“படம் அனுப்புறன் மிஸ்,” என்றாள் கஜனி. “ஒரு படம். வீடியோ இல்லை.”